கலசப்பாக்கத்தில் பஸ் நிற்கும்

ஜமுனாமரத்தூருக்கு மேலதிகாரி ஒருவர் வந்தபோது அவரோடு படம் பிடிக்கிறவர் ஒருவரும் வந்திருந்தார். காட்டிலாகா ஆபீசுக்கு முன்னால் பெஞ்சு போட்டு, சிப்பந்திகள் எல்லாரையும் குடும்பத்தோடு நிற்க வைத்தார்கள். படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருங்க, இருங்க. தண்ணிக்காரரு இன்னும் வர்ல."

கார்டு வீட்டு அக்காதான். ஆபீசுக்குத் தண்ணீர் சுமக்கிற மலைக்காரர் ஓடைக்குப் போயிருந்தார். மேலதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரேஞ்சர் அக்காவை முறைத்தார். அக்காவின் வீட்டுக்காரர், காட்டிலாகா கார்டு, தலையைக் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அசையவில்லை. கடைசியில் ஒரு பையனை அனுப்பித் தண்ணிக்காரரைக் கூட்டிவந்த பிறகுதான் படம் எடுத்தார்கள். ஓடிவந்த மனிதருக்கு மூச்சு வாங்கியதால் படத்தில் அவர் முகம் மட்டும் கலங்கலாக விழுந்திருந்தது.

"கலங்கலா இருந்தா இன்னா? இருக்காரு இல்ல?" என்றாள் அக்கா.

நான் அந்த மலைக்குப் புதிதாகக் கல்யாணமாகிப் போனவள். என் வீட்டுக்காரர் அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். எங்கள் வீட்டுக்கும் கார்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "மெளகுத் தண்ணி வெச்சுக் குடி" என்று அக்கா சொல்வாள். நெடுநெடுவென்று உயரம், கறுப்பு, நெற்றியில் பெரிய பொட்டு. சிரிக்கிற முகம் இல்லை. முதல் ஒரு மாதம் எனக்கு அவளைக் கண்டால் பயமாகவே இருந்தது. ஆனால் அந்த ஊரில் சாவு, சடங்கு, சாமி கும்பிடுவது எதுவாக இருந்தாலும் யாரைக் கூப்பிடவில்லை என்று முதலில் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். கண்டுபிடித்தால் சும்மா இருக்கமாட்டாள். தானே போய்க் கூட்டிவருவாள்.

அவளுக்கு ஒரு பெண், ஒரு பையன். பெண் எட்டாவது படித்தாள். பையன் அவளைவிட மூன்று வயது சின்னவன்.

தேன் எடுக்கிற காலத்தில் ஒரு நாள் மலைக்காரர்கள் கொண்டுவந்த தேனை அக்கா துணியில் வடிகட்டிப் பாட்டில்களில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இது எங்க வூட்டுக்கு. இது உனுக்கு. இது ரேஞ்சரு வூட்டுக்கு. இது கலசப்பாக்கத்துக்கு."

"கலசப்பாக்கத்துல யாருக்கா, உங்க சொந்தக்காரங்களா?"

"எங்க வூட்டுக்காரருக்கு அங்க ஒரு வூடு கீது. பொம்பள ஒருத்தி, ஒரு பொண் கொழந்த."

நான் புனலை விட்டுவிட்டேன். தேன் தரையில் வழிந்தது. அக்கா என் கையைத் தட்டினாள்.

"ஏன் சிந்தற? மலைல இருக்கறவங்க அத்தினி பேருக்கும் தெரியும். உனுக்கு மட்டும் இப்பதான் தெரிது."

உண்மைதான். கார்டு மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் வேலையாகப் போளூர் போவார். இரண்டு நாள் கழித்துப் புதிதாகச் சவரம் செய்துகொண்டு, வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு வருவார். எல்லாருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லி, அது மேலே போனால் சர்க்கார் வேலை போய்விடும். இரண்டு தாரம் வைத்திருக்கிறவனுக்கு வேலை கிடையாது என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அதனால் கார்டும் பேசமாட்டார், மற்றவர்களும் பேசமாட்டார்கள். அக்காவும் அவரிடம் பேசியதில்லை. ஆனால் அவர் மலையிறங்கும்போது பையில் அந்தப் பாட்டிலை வைத்துவிடுவாள். அது யாருக்கு என்று அவர் கேட்கவும் மாட்டார்.

அக்காவின் தம்பி புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தான். அந்த ஊர் வெள்ளைக்காரர்களிடமிருந்து நம் கைக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தை மாசம் அக்காவைப் பார்க்க வந்தவன், "கோடை லீவுக்குக் குடும்பத்தோட வந்து தங்குங்க. பசங்க கடல் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சில்லை.

நான் விழுப்புரத்துக்காரி. சின்ன வயதில் இரண்டு தடவை புதுச்சேரிக்குப் போயிருக்கிறேன். அதனால் தினம் மத்தியானம் என்னை உட்காரவைத்துக் கேட்பாள்.

"தெரு எல்லாம் நேரா இருக்குமாமே?"

"ஆமாக்கா. நூல் புடிச்சா மாதிரி. ஒவ்வொரு தெருவும் கடல்ல போய் முடியும்."

"சிவப்புத் தொப்பி போட்ட போலீசு இன்னும் கீறாங்களா?"

"இருக்காங்கன்னுதான் சொல்றாங்க."

"கடல் எப்டி இருக்கும்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெரிய ஏரி மாதிரி என்றேன். அக்கா என்னை நம்பாமல் பார்த்தாள்.

போகிற வழியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். விறகு லாரியில் போளூர் வரை. அங்கிருந்து திருவண்ணாமலை பஸ். திருவண்ணாமலையில் ரயில் ஏறினால் விழுப்புரம். அங்கே மாறினால் புதுச்சேரி. என்னையும் சேர்த்துக்கொண்டாள். விழுப்புரத்தில் என் அம்மாவைப் பார்த்துவிட்டு, நானும் கடல் வரைக்கும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். சாமை மாவு இடித்தாள். வழியில் சாப்பிடப் புளிசாதத்துக்கு எண்ணெய் எத்தனை நாளில் சிக்கு வாடை அடிக்கும் என்று யோசித்தாள். பையனுக்குப் பஸ்ஸில் வாந்தி வருமென்று எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தாள்.

ஒரு நாள் கார்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஆட்டுக்கல்லைக் கேட்கப் போயிருந்தேன். அக்கா மோர் ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"போளூர்ல ஏறும்போதே ரெண்டு எடம் புடிச்சு வெக்கணும். கலசப்பாக்கத்துல பஸ் நிக்கும். அங்க ரெண்டு பேரு ஏறுவாங்க."

கார்டின் கை இலையில் நின்றது.

"யாருடி ஏறுவாங்க?"

"இன்னாங்க இப்டி கேக்கறீங்க? உங்க வூட்டுல கீறவங்கதான். குடும்பத்தோட வான்னுதான எந்தம்பி சொல்லிட்டுப் போனான்."

"உனுக்குப் பைத்தியம் புடிச்சுதா? வெளிய தெரிஞ்சா எம் பொழப்பு போய்டும்."

"இனிமே தெரியறதுக்கு யாரு கீறாங்க? ரேஞ்சரு சம்சாரத்துகிட்ட நானே சொல்லிட்டேன்."

அவர் எழுந்து கை கழுவாமலேயே வெளியே போய்விட்டார். இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சே கேட்கவில்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன், அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ரேஞ்சர் கார்டைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று சொன்னார். "லீவு எத்தினி நாள் வேணும்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல."

"பாருங்க" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் போளூர் சந்தைக்குப் போகலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். சந்தையில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் கதம்பம் வாங்கினாள். பிறகு கலசப்பாக்கம் பஸ்ஸில் ஏறினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். பஸ் கிளம்பிவிட்டது.

ஓட்டு வீடு. வாசலில் நெல் காயப்போட்டிருந்தது. உள்ளேயிருந்து வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். அக்காவைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது அவளுக்கு. கையிலிருந்த அகப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுக் குழந்தை ஒன்று எங்களைப் பார்த்தது. கார்டின் மூக்கு.

"சண்ட போட வர்ல. தட்டு ஒண்ணு குடு" என்றாள் அக்கா.

அந்தப் பெண் தட்டைக் கொண்டுவந்தாள். அக்கா அதில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி இரண்டு கையாலும் நீட்டினாள்.

"லீவுல புச்சேரிக்குப் போறோம். எந்தம்பி வூடு. நீயும் கொழந்தையும் வர்றீங்க. வெள்ளிக்கெழம காலைல பஸ்ஸு வரும். தயாரா நில்லு."

"அவரு... அவரு இன்னா சொன்னாருங்க?"

"அவரு சொல்றதுக்கு இன்னா கீது? நான்தான் கூப்பிட வந்திருக்கேனே."

அந்தப் பெண் தட்டை வாங்கிக்கொண்டாள். உட்காருங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அக்காவும் உட்காரவில்லை. ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். திரும்புகிற வழியெல்லாம் அக்கா வெளியே கரும்புக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "பேசாம வா" என்றாள்.

வெள்ளிக்கிழமை கலசப்பாக்கத்தில் பஸ் நின்றது. அவள் வரமாட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தகரப்பெட்டியும் குழந்தையுமாகப் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா இடம் விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கார்டு கண்ணை மூடித் தூங்குவதுபோல இருந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் துள்ளியது.

"மாமா!"

ஊரில் அப்படித்தான் கூப்பிடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்கா குழந்தையின் கன்னத்தைத் திருப்பினாள்.

"மாமா இல்ல. அப்பா."

பஸ்ஸில் முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கார்டின் மூடிய இமைகள் துடித்தன. அவர் கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பெண் தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள்.

தம்பிக்கு அக்கா இதைச் சொல்லியிருக்கவில்லை. விழுப்புரத்தில் என் அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு நாங்கள் புதுச்சேரி போய்ச் சேர்ந்து அவன் வீட்டு வாசலில் இறங்கியதும் அவன் ஒவ்வொருவராகப் பார்த்தான். என்னைக் கம்பவுண்டர் சம்சாரம் என்று அக்கா சொன்னாள். பிறகு, "இது உங்க மாமாவோட இன்னொரு சம்சாரம். இது கொழந்த" என்றாள்.

தம்பி முதலில் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை என்று பார்த்ததும் முகம் மாறியது. கார்டின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"எங்க அக்காவ வெச்சுக்கிட்டே எவளையோ இட்டுக்கினு என் வூட்டுக்கே வர்றியா?"

"இட்டுக்கினு வந்தது நான்" என்றாள் அக்கா. "கைய எடு."

"இவ உள்ள வரக்கூடாதுக்கா. நீங்க மட்டும் வாங்க."

"அவளும் அந்தக் கொழந்தையும் வெளியன்னா நாங்க எல்லாரும் வெளியதான்டா."

"போங்க அப்போ!"

அவன் கோபத்தில்தான் சொன்னான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் இறங்கிவந்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது. அக்கா பொறுக்கவில்லை. சாமை மாவுத் தூக்கை மட்டும் அவன் வாசற்படியில் வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கினாள். தெருவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க நாங்கள் நடந்தோம். அவள் ஆசைப்பட்டுக் கேட்ட நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் எல்லாம் வழியில் இருந்தன. எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. பெண்கள் குழந்தைகளோடு ஒரு பக்கம் படுத்தோம், கார்டு வாசலில் படுத்தார்.

மறுநாள் காலையில் கடலுக்குப் போனோம். அக்கா தூரத்திலேயே நின்றுவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். "ஏரின்ன நீ" என்று என்னைத் திட்டினாள். பிள்ளைகள் ஓடினார்கள். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு அக்காவும் இறங்கினாள். சற்றுத் தள்ளி அந்தப் பெண்ணும் இறங்கினாள். கணுக்கால் வரை தண்ணீர் வந்தது. பெரிய அலை ஒன்று வந்தது. காலடியில் மணல் ஓடியதும் இரண்டு பேரும் அலறிக்கொண்டு ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். அலை போன பிறகும் சிறிது நேரம் பிடித்தபடியே நின்றார்கள். பிறகு அக்கா கையை விடுவித்துக்கொண்டு தன் பையனைப் பார்க்கப் போய்விட்டாள்.

கரையில் கார்டு எல்லாருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னக் குழந்தை ஈர மணலை அள்ளிக்கொண்டுவந்து அவர் மடியில் போட்டது. "அப்பா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தது. அவர் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் யாருமில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார். செருப்புகளை நான் பார்த்துக்கொண்டேன்.

தம்பி சும்மா இருக்கவில்லை. அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தானோ என்னவோ, வேலூருக்குப் போய் மேலாபீசில் நேரில் புகார் சொல்லிவிட்டான். மழைக்காலம் முடிந்ததும் ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார். ரேஞ்சர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். என் வீட்டுக்காரரும் அப்படியே சொன்னார். கடைசியில் அக்காவைக் கூப்பிட்டார்கள். துணைக்கு நான் போய் ஆபீஸ் தூணோரம் நின்றேன்.

அதிகாரி நல்ல மனிதர். இதமாகத்தான் பேசினார்.

"உன் புருஷனுக்கு வேற குடும்பம் இருக்கறதா புகார் வந்திருக்கும்மா. யோசிச்சு பதில் சொல்லு. அவர் வேலை சம்பந்தப்பட்டது. நீ இல்லைன்னு சொல்லிட்டா, இதோட நான் முடிச்சுக்குவேன்."

மலையே அவள் 'இல்லை' என்று சொல்லக் காத்திருந்தது. கார்டு வேப்பமரத்தடியில் நின்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதுங்க" என்றாள் அக்கா. "ஒரு பொண்ணும் கீது. லீவுல எல்லாரும் ஒண்ணாத்தான் புச்சேரி போய்ட்டு வந்தோம்."

வேலை போயிற்று. கார்டு என் வீட்டுக்காரரிடம் வந்து அழுதார். "இவ உண்ம பேசறதுக்கு எம் பொழப்புதான் கெடச்சுதா கம்பவுண்டரே?" என் வீட்டுக்காரர் அக்கா செய்தது மடத்தனம் என்று என்னிடம் சத்தம் போட்டார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கோட்டர்ஸைக் காலி பண்ணுகிற நாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேவிட்டேன்.

"ஒரு வார்த்த இல்லன்னு சொல்லியிருக்கலாமேக்கா?"

அவள் சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக்கொண்டே சொன்னாள். "நான் இல்லன்னு சொல்லிட்டா அவ இல்லாதவளா ஆய்டுவா. அப்பறம் அந்தக் கொழந்த யாரோடது?"

விறகு லாரியில் சாமான்கள் ஏறின. கார்டு முன்னால் உட்கார்ந்தார். அக்கா பிள்ளைகளோடு பின்னால், சாக்குகளின் மேல். கலசப்பாக்கத்துக்குத்தான் போகிறோம் என்றாள். லாரி திரும்புகிற வரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையசைக்கிற வழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

எங்களுக்கும் பிறகு மாற்றலாகி வேலூருக்கு வந்துவிட்டோம். பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என் கையைத் தொட்டாள். அடையாளம் தெரிய நேரமாயிற்று. கலசப்பாக்கத்துக்காரி. பக்கத்தில் பாவாடை தாவணியில் அவள் பெண். கண் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்களாம். கார்டு ஒரு நெல் மில்லில் வாட்ச்மேனாக இருக்கிறார், அக்கா நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறாள், எல்லாரும் ஒரே வீட்டில்தான் என்றாள்.

"அக்காவுக்கு உன் மேல எவ்வளவு பாசம் இருந்தா இப்டியெல்லாம் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

அவள் என்னை வியப்பாகப் பார்த்தாள்.

"பாசமா? எங்கிட்ட இதுவரிக்கும் மூஞ்சி குடுத்து ஒரு வார்த்த பேசனது இல்லீங்க. எது சொல்லணும்னாலும் எம் பொண்ணுகிட்டதான் சொல்லி அனுப்புவாங்க. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப பக்கத்துலயேதான் உக்காந்திருந்தாங்க. கஞ்சி ஊத்துனாங்க. அப்பகூட பேசல."

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"இன்னாங்க கஷ்டம்? அவங்க வூட்டுக்காரர நான் எடுத்துக்கினேன். எப்டி பேசுவாங்க?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருவண்ணாமலை பஸ் உறுமிக்கொண்டு வந்தது. ஒரே கூட்டம். இருட்டிவிட்டதே, இன்றைக்கு எங்கள் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் போகலாம் என்று அவள் கையைப் பிடித்தேன்.

"ஐயையோ, ஆவாதுங்க" என்று கையை உருவிக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் போய்ச் சேராம அவங்க சோத்துப் பானைய தொறக்க மாட்டாங்க. அல்லாரும் பசியோட உக்காந்திருப்பாங்க."

பெண்ணை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டு, படியில் தொற்றிக்கொண்டு அவளும் ஏறினாள்.